மீண்டும் மீண்டும் 'வளையும்' டிஸ்க்

பிறேக்கை மிதிக்கும்போது ஸ்ரியரிங் நடுங்கினால், 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்பதே வழக்கமான தீர்ப்பு. தீர்ப்பு உடனே நிறைவேறும்: ஒன்றில் லேத்தில் கடைவார்கள், அல்லது புதிய டிஸ்க் பூட்டுவார்கள். சில மாதங்களில் நடுக்கம் திரும்பி வரும்போது, அந்தத் தீர்ப்பை எவரும் மறுபரிசீலனை செய்வதில்லை.

முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சிக்கு மீன் ஏற்றும் என் மைத்துனரின் பிக்கப்பில், ஒன்றரை வருடத்துக்குள் முன் டிஸ்க் ஒருமுறை கடையப்பட்டது, இருமுறை மாற்றப்பட்டது. பணம் ஒருபுறம் இருக்கட்டும். பனிக்கட்டி கரையுமுன் சந்தையை அடைய வேண்டிய வாகனம் அது. விடியுமுன் அது ஓடும் பரந்தன் வீதியில் மாடுகள் படுத்திருக்கும். அந்த இருளில் பிறேக் ஒன்றே துணை.

செய்தியாளனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே செய்தி மூன்றாம் முறை வந்தால், செய்தியை விட்டுக் காரணத்தைத் தேடுவான். கிளிநொச்சியில் எழுபது வயதைக் கடந்த ஒரு மெக்கானிக்கிடம் வாகனத்தைக் கொண்டுசென்றோம். அவர் கேட்ட முதற் கேள்வி: "தம்பி, வன்னியில மலை எங்க இருக்கு?"

பொருள் பொதிந்த கேள்வி. நீண்ட இறக்கங்களில் பிறேக் பிடித்துப் பிடித்து டிஸ்க் அளவுக்கு மீறிச் சூடேறுவது மலைநாட்டில் நிகழலாம். தட்டையான வன்னியில் அரிது. உண்மையில், 'வளைவு' என்று நாம் சொல்வது பெரும்பாலும் வளைவே அன்று. டிஸ்க் தன் இருக்கையில் மயிரிழை சரிந்து பூட்டப்பட்டாலும் சுழலும்போது ஆடும். பல வாகனங்களில் இந்த ஆட்டத்துக்கு அனுமதி 0.05 மில்லிமீற்றர் அளவே. அதனைத் தாண்டினால், ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் ஒரே இடம் பேடில் உரசித் தேய்கிறது. தடிப்பு சமனற்றுப் போக, நடுக்கம் பிறக்கிறது. புது டிஸ்க் சில மாதம் சுகமாக ஓடிப் பின் 'வளைவது' இதனாலேயே.

அவர் டயல் கேஜை வைத்து, ஆட்டம் மிகுந்த இடத்தைச் சோக்கினால் குறித்தார். டிஸ்க்கைக் கழற்றி, ஒரு துளை தள்ளித் திருப்பிப் பூட்டி மீண்டும் அளந்தார். அந்த இடம் டிஸ்க்கோடு சேர்ந்து நகர்ந்தால் குற்றம் டிஸ்க்கினது. நகரவில்லை, குற்றம் அதைத் தாங்கும் ஹப்பில் இருந்தது. ஹப்பின் முகத்தில் துரு ஏடு ஏடாகப் படிந்திருந்தது. மீன் ஏற்றக் கடற்கரை மணலில் இறங்கி, மாரியில் வட்டுவாகல் பாலத்தில் உவர்நீரைக் கடக்கும் வாகனத்தில் இது வியப்பன்று. கலிப்பர் பின் ஒன்றும் கிறீஸ் காய்ந்து இறுகியிருந்தது.

ஹப்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்தார். பின்னுக்கு வெப்பம் தாங்கும் கிறீஸ் இட்டார். தேய்ந்த டிஸ்க்கை, குறைந்தபட்சத் தடிப்புக் குறையாமல் மெல்லக் கடைவித்தார். சில்லு நட்டுகளை ஒன்றுக்கொன்று எதிராக, டோர்க் ஸ்பனரால் சம அளவில் இறுக்கினார். நட்டுகள் ஏற்றத்தாழ்வாக இறுகினாலும் டிஸ்க் சரியுமாம். பின்னர் மறுபடியும் அளந்தார்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், மண்ணெண்ணெயில் வாகனங்களை ஓடவைத்த தலைமுறை அவருடையது. புது உதிரிப்பாகம் கிடைக்காத நாளில், பழுதின் காரணத்தை அறிவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இன்று ஏ9 வீதியால் பாகங்கள் தாராளமாக வருகின்றன. காரணம் தேடும் பொறுமைதான் அருகிவிட்டது.

ஆகவே, மூன்றாவது டிஸ்க்குக்குப் பணம் கொடுக்குமுன் ஹப்பை ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். மைத்துனரின் பிக்கப் ஒரு வருடத்துக்கு மேலாக நடுக்கமின்றி மீன் ஏற்றுகிறது.