பௌர்ணமி பஸ்

பௌர்ணமி என்றால் எங்கள் ஊர் பஸ்ஸில் நிற்கவும் இடமிருக்காது. எல்லாம் கிரிவலக் கூட்டம். எத்தனையோ முறை அந்தக் கூட்டத்தில்தான் என் மகள் நின்றுகொண்டே வந்தாள், பிள்ளையைப் பார்க்க.

2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த ஒப்பந்த செவிலியர்களில் அவளும் ஒருத்தி. மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற பேச்சு. கிடைத்த இடம் தெற்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் ஷிஃப்ட் வேலை. குழந்தை என்னிடம். அறை வாடகை, சாப்பாடு, பஸ் செலவு போக அவளுக்கு என்ன மிஞ்சும்? அரசு வேலைக்குப் போன பெண்ணுக்கு மாதக் கடைசியில் என் பென்ஷனிலிருந்து பணம் அனுப்பியிருக்கிறேன்.

2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் செவிலியர்கள் போராட உட்கார்ந்தபோது இவளும் போனாள்.

"வேலை போயிடுமேடி" என்று பதறினேன்.

"போனா பாப்பாகிட்ட வந்துடுவேம்மா."

எனக்குப் பதில் வரவில்லை.

போராட்டம் முடிந்த சில நாளில், டிசம்பர் 2, தீபம். அவளுக்கு லீவு இல்லை. மாடியில் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, போனில் அவளோடு பேசியபடி நின்றேன். மலைமேல் தீபம் தெரிந்ததும் குழந்தை கையை நீட்டி, "அம்மா, சாமி!" என்றது.

என்னைப் பார்த்துத்தான் சொன்னது. போனில் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.