விண்வெளியில் தூய்மை

விண்வெளிப் பயணம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன எவை? தீயை உமிழ்ந்து எழும் ஏவுகலமும், நிலவில் பதிந்த காலடியுமே அல்லவா? எனக்கோ, அப்பயணங்களைப் பற்றிப் படிக்குந்தோறும், கழிவுகளைச் சேர்த்த சிறு பையே நினைவுக்கு வருகிறது. இதைக் கேட்டுப் பலர் நகைப்பர், நான் நகைப்பதில்லை.

1961-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள், அமெரிக்க வீரர் ஆலன் ஷெப்பர்டு விண்ணிற்குச் செல்லக் கலத்தில் அமர்ந்தார். பயணம் 15 நிமிடந்தானே என்று எண்ணியவர்கள், அவர் சிறுநீர் கழிக்க வழியொன்றும் செய்திலர். புறப்பாடோ பல தடைகளால் தாமதமாயிற்று. அவர் கலத்துள் 4 மணி நேரத்திற்கு மேல் காத்திருந்தார். முடிவில் தம் உடையிலேயே சிறுநீர் கழிக்க நேர்ந்தது. எத்தனையோ நுட்பங்களைக் கணக்கிட்ட அறிஞர், உடலின் எளிய தேவையைக் கணக்கிடவில்லை! மறு ஆண்டு பூமியை மும்முறை சுற்றிய ஜான் கிளென், உடைக்குள் சிறுநீர்ப் பை அணிந்தே சென்றார்.

பயணம் நீள நீள இடரும் பெருகிற்று. 1965-இல் ஜெமினி 7 என்னும் கலத்தின் சிற்றறையில், போர்மன், லவெல் என்னும் இருவர் 14 நாள் வாழ்ந்தனர். அங்கே குளிப்பதற்கு ஏது இடம்?

நிலத்தில் நீர் கீழ்நோக்கி ஓடும். அழுக்கும் அதனோடு செல்லும். புவியீர்ப்பு நமக்கு ஊதியம் பெறாத ஏவலாள். பூமியைச் சுற்றும் கலத்திலோ எடையின்மையால் எல்லாம் மிதக்கும். ஆதலின், அப்பல்லோ வீரர்கள் பசையுள்ள விளிம்புடைய பிளாஸ்டிக் பையை உடலோடு ஒட்டிக்கொண்டு மலங்கழித்தனர். பின்னர் அதனுள் கிருமிகொல்லி மருந்தை இட்டு மூடி, கையாற் பிசைந்து கலந்தனர். இல்லையேல் நுண்ணுயிர்கள் பெருகி, பைக்குள் வாயு நிறைந்துவிடும். விண்ணை வென்ற வீரர்கள் இவ்வேலையைத் தாமே செய்தனர். வேறு யார் செய்வார்? 1973-இல் பறந்த ஸ்கைலாப் நிலையத்தில், காற்றோட்டத்தால் கழிவை ஈர்க்கும் கழிப்பிடமும், நீராடும் கூண்டும் அமைந்தன.

அப்பல்லோ வீரர்கள் நாட்டிய கொடிகளை உலகம் அறியும். அவர்கள் விட்டு வந்த கழிவுப் பைகளும் அந்நிலவிலேயே கிடக்கின்றன. கொடியைக் கண்டு பெருமிதம் கொள்ளும் நாம், பையைக் கண்டு நாணுவானேன்? உடலின் தேவை இழிவன்று. அதனைப் பேச நாணி, ஆவன செய்யாது விடுதலே இழிவு. இது விண்ணுக்கு மட்டுமன்று, மண்ணுக்கும் பொருந்தும் உண்மையாகும்.