மகளின் வண்டிக்கு ஒரு பை

விழா மலருக்குக் கட்டுரை எழுதப் புகுவோர் கல்லூரியின் புகழையோ கன்னித் தமிழின் வளத்தையோ எடுத்துரைப்பதே மரபு. நாமோ பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் துவிச்சக்கரவண்டியிற் கட்டும் புத்தகப்பையைப் பற்றி எழுதத் துணிந்தோம். இதுவும் ஒரு பொருளாமோ என நகைப்பார் உளராயின், அவர் அட்டன் மலைச்சரிவிலே ஆனி மாதத்து மழையில் ஒருமுறை வண்டியோட்டிப் பார்ப்பாராக.

நம் கல்லூரியிற் பயின்றோர்க்குத் துவிச்சக்கரவண்டி புதிதன்று. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டு, வடக்கிற்கு எரிபொருள் வருவது தடைப்பட்ட பின்னர், யாழ்ப்பாணத்தையே அவ்வண்டிதான் சுமந்தது எனலாம். விறகும் நெல்மூடையும் நோயாளரும் கரியரிலேயே சென்றனர். மின்சாரம் இல்லாத இரவுகளில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஒருங்கே பெயர்ந்து நாவற்குழி வழியாகத் தென்மராட்சி நோக்கி நடந்த இரவில், வண்டியை ஓட்டுவார் ஒருவருமிலர். யாவரும் உருட்டியே சென்றனர். எம் தந்தையார் கரியரில் அரிசியும் பாத்திரமும் பாயும் கட்டினார். நமக்கென விடப்பட்ட இடம் ஒரு புத்தகப்பையின் அளவே. அதனுள் எதை வைப்பது, எதை விடுவது என்று பதினான்கு வயதிலே நின்று திகைத்த திகைப்பு இன்றும் கரியர் என்னும் சொல்லைக் கேட்டவுடன் எழுகின்றது.

அது சமநிலம். இதுவோ மலை. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி முடித்து இப்பகுதியிலேயே தங்கிவிட்ட நாம், இங்குத் துவிச்சக்கரவண்டி ஓட்டும் பிள்ளைகளை அரிதாகவே கண்டிருக்கின்றோம். அட்டன் நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் உள்ளது. லயங்களிலிருந்து வரும் பிள்ளைகள் தேயிலைக்கிடையே குறுக்குப் பாதைகளில் நடந்தே வருவர். நம் மகள் செல்லும் வழி மூன்று கிலோமீற்றர். காலையில் இறக்கம், மாலையில் ஏற்றம். மாலையில் வண்டியை அவள் தள்ளித்தான் வரவேண்டும்.

ஆயினும் வண்டி வேண்டும் என்றோம். காரணம் அவள் முதுகு. பிள்ளையின் புத்தகப்பை அவளுடைய உடல் நிறையிற் பத்திலொரு பங்குக்கு மிகாதிருத்தல் நன்று என்பர். 1980ஆம் ஆண்டு தொடக்கம் அரசு பாடநூல்களை இலவசமாக வழங்கிவருவது பெரும் பேறே. ஆனால் அவற்றைச் சுமப்பவர் பிள்ளைகள் அன்றோ! ஒருநாள் பையை அயலிலுள்ள கொழுந்து மடுவத்திற்கு எடுத்துச்சென்று தராசில் வைத்தோம். ஐந்து கிலோவும் இருநூறு கிராமும் காட்டிற்று. மகளோ இருபத்தெட்டுக் கிலோ. அருகில் நின்ற கணக்கப்பிள்ளை, "மாஸ்டர், ஈரக் கொழுந்துன்னா தண்ணிக்குக் கழிப்போம். இதுக்கு என்னத்தக் கழிக்கிறது?" என்றார். கொழுந்து நிறுக்க நின்ற பெண்கள் சிரித்தனர். கழிவினால் நாள்தோறும் இழப்பவர்கள் அவர்களே. அவர்கள் சிரிப்பில் நாம் பங்குகொள்ள இயலவில்லை.

இனிப் பையின் வகைகள். கரியரின் மேல் பெட்டிபோல் அமர்வது ஒன்று. கழுதைப் பொதிபோல் இருமருங்கும் தொங்குவது மற்றொன்று. மேலமர்வது கட்டவும் கழற்றவும் எளிது. ஆனால் பாரம் உயரத்தில் நிற்கும். ஏற்றத்திலே சிறுமி கைபிடியைப் பற்றித் தள்ளுங்கால், வண்டி சற்றே சாய்ந்தாலும் அப்பாரம் அதனை மேலும் சாய்க்கும். தாங்கிநிறுத்த அவளுக்கு வலிமை போதாது. தொங்குபையின் பாரம் தாழ இருப்பதால் அந்த இடர் குறைவு. எனினும் பெரியோர் வண்டிக்குச் செய்த தொங்குபை சிறுவர் வண்டிக்கு ஆகாது. இருபது அங்குலச் சில்லின் மேலுள்ள கரியர் நிலத்திலிருந்து இருபத்திரண்டு அங்குல உயரமே இருக்கும். பதினான்கு அங்குல ஆழப் பையைத் தொங்கவிட்டால் எஞ்சுவது எட்டங்குலம். கல்லும் சேறும் அதனைத் தொட்டு விளையாடும். மேலும் சிறுவர் வண்டியில் மிதிக்கும் பின்சில்லுக்கும் இடைவெளி குறுகியது. பை முன்தள்ளி இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் குதிக்கால் அதில் இடிக்கும். ஆதலால் பை சிறிதாகவும், இயன்றவரை பின்தள்ளியும் இருத்தல் வேண்டும்.

யாவற்றினும் அஞ்சத்தக்கது தளர்ந்த பையும் தொங்கும் பட்டியும். பையின் அடிப்பகுதி ஆடிச் சில்லின் கம்பிகளுக்குள் புகுமாயின், அல்லது பட்டியின் நுனி அச்சில் சுற்றுமாயின், இறக்கத்திலே பின்சில்லு சட்டென நின்றுவிடும். அப்புறம் நிகழ்வதை எழுத மனம் இசையவில்லை. யாழ்ப்பாணத்தில் நாம் பழைய ரியூபை வெட்டிய பட்டியாற் கட்டியதே இன்றும் சிறந்த கட்டு என்பது நம் துணிபு. ஆனால் நுனியை மடித்துச் செருகவேண்டும்.

மழையைப் பற்றி விரிக்கத் தேவையில்லை. தென்மேற்குப் பருவமழையின் முதற் பங்கை வட்டவளையும் அட்டனும் பெறும் என்பதைப் புவியியல் படித்தோர் அறிவர். துணி நீரைத் தடுத்தாலும் தையலின் ஊசித்துளையும் ஸிப்பும் தடுப்பதில்லை. வாயை மூன்று சுற்றுச் சுருட்டிப் பூட்டும் பையே நம்பத்தக்கது. மேலிருந்து பெய்வதைவிடச் சில்லு கீழிருந்து இறைப்பது பொல்லாதது. மழையில் நனைந்த சில்லின் வளையத்தைப் பிறேக்கின் றப்பர் கட்டை முதலில் வழுக்கிப் பின்னரே பற்றும் என்பதையும், பாரம் கூடக்கூட வண்டி நிற்கும் தூரம் கூடும் என்பதையும் மகளுக்கு நிலத்திற் கோடு கிழித்தே காட்டினோம். மூடுபனியோ இன்னும் கொடியது. பை பின்விளக்கையும் செந்நிறப் பிரதிபலிப்பானையும் மறைத்தால், பின்வரும் பேருந்துச் சாரதிக்கு அங்கே ஒரு பிள்ளை செல்வது தெரியாது. அதனாற்றான் நாம் மஞ்சள் நிறம் என்றோம். மகள் வண்ணத்துப்பூச்சி என்றாள். இவ்வழக்கு ஒரு வாரம் நடந்தது.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்டில் துவிச்சக்கரவண்டிக்கு மவுசு ஏறியது; விலையும் உடன் ஏறியது. பிறநாட்டிலிருந்து வரும் நல்ல தொங்குபை ஒன்றின் விலையைக் கேட்டபோது, கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் பலநாட் கூலி அது என மனம் தானே கணக்கிட்டது. முச்சக்கரவண்டிகளுக்கு இருக்கையுறை தைக்கும் கடையொன்றிற் கேட்டோம். லொறிப் படங்குத் துணியில் தைத்துத் தருவதாக உரைத்தனர். ஒருபக்கம் மட்டும் தொங்கும் சிறுபை போதும், எதிர்ப்பக்கத்திற் குடையைக் கட்டலாம் என்று இல்லாள் சிக்கனம் கூறினாள்.

அப்போதுதான் மகள், "அப்பா, ரெண்டு பக்கமும் வேணும். மத்தப் பக்கம் அவளுக்கு" என்றாள்.

அவள் என்பவள் மேற்பிரிவு லயத்திலிருந்து வரும் தோழி. வண்டி வந்த நாளிலிருந்து மாலையில் இருவரும் சேர்ந்தே அதனை மேட்டில் தள்ளி வருகின்றனராம்; தோழியின் பையும் கரியரில் ஏறிவிடுகின்றதாம். இதனை நாம் அறிந்திலோம். கொழுந்துக்கூடையின் கயிறு தாயின் நெற்றியில் பதித்த தழும்பைக் காட்டி, எனக்கும் இப்படி வருமா என்று அச்சிறுமி ஒருநாள் கேட்டாளாம். மகள் அதற்கு விடை கூறவில்லை. பையை வாங்கிக் கரியரில் வைத்தாள்.

வழக்கு அங்கே முடிந்தது. இருமருங்கும் தொங்கும் பை, மஞ்சட் படங்கு, பின்புறம் ஒளிதெறிக்கும் செம்பட்டி, ஒருபக்கத்தில் துணிவெட்டி ஒட்டிய வண்ணத்துப்பூச்சி. பை கம்பிக்குள் ஆடாதிருக்க உட்புறத்திலே பழைய தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையைத் தையற்காரர் வைத்துத் தைத்தார். கடதாசிச் சாக்குகள் வந்தபின் அப்பெட்டிகள் அருகிவிட்டன; அவரிடம் இரண்டு பலகைகள் எஞ்சியிருந்தன.

தோழி பாடசாலைக்கு வராத நாட்களில், பாரம் ஒருபக்கம் சாயாதிருக்கும்பொருட்டு மகள் தன் புத்தகங்களிற் பாதியை எடுத்து அவள் பக்கத்தில் வைத்துக்கொள்கின்றாள்.