விளக்கடியில் பூக்காத சாமந்தி

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைக் கடந்து, இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரை அடைந்து, அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஒரகடம் செல்லும் அகன்ற சாலை வருகிறது. ஏரிகளையும் நெல்வயல்களையும் நம்பி வாழ்ந்த பகுதி இது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகின்றன. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. பின்னர் வந்தவை பல. இரவில் இவ்வழியே பயணம் செய்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: இங்கே இருட்டைக் காண்பது அரிது. ஆலை மதில்களின் மேலும், சாலைச் சந்திப்புகளிலும், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளின் வாயிலிலும் விளக்குகள் விடியும்வரை எரிகின்றன.

2023-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், ஒரகடத்துக்கு அருகே வாடகை வீட்டில் வாழும் எங்கள் உறவுப் பெண் ஒருத்தியைக் காண நாங்கள் இருவரும் சென்றிருந்தோம். திண்டுக்கல் பக்கத்தைச் சேர்ந்த குடும்பம். கணவர் ஆலையில் மூன்று ஷிப்டுகளிலும் மாறி மாறி வேலை செய்பவர். வீட்டு வாயிலில் நான்கு தொட்டிகள் இருந்தன. இலைகள் கரும்பச்சையாய், செழிப்பாய் வளர்ந்திருந்தன. ஒரு மொட்டுகூட இல்லை.

"பொங்கலுக்கு வாங்கிய செவ்வந்தி, சித்தி. மாமியார் கல்லறைக்கு நவம்பர் இரண்டாம் தேதி எங்கள் கையால் வளர்த்த பூவைக் கொண்டுபோக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் கைக்கு ராசி இல்லை என்கிறார்கள் பக்கத்து வீட்டில்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்; ஆனால் கண்கள் சிரிக்கவில்லை. நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு அருகே பிறந்த பெண்ணுக்கு, பூ வராத கை என்ற பேச்சு எளிதில் ஆறக்கூடியதா?

வாசகர்களே, பூத்து முடிந்த சாமந்தித் தொட்டியை நம்மில் பலர் குப்பையில் சேர்த்துவிடுகிறோம். நாங்களும் பல ஆண்டுகள் அவ்வாறே செய்தோம். செடி சாகவில்லை, பூத்த தண்டுதான் ஓய்கிறது. குளிர்நாடுகளில் பனி உறைந்து வேர் அழியாதிருக்க, தண்டை வெட்டி, வேர்க்கட்டையைக் கொட்டகைக்குள் வைத்துக் காப்பார்கள். நமக்கோ பகை பனியன்று, சித்திரை வெயில். பொங்கல் கழிந்ததும் தண்டை நான்கு விரல் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். அடியிலிருந்து புதுக் கன்றுகள் எழும். அக்கினி நட்சத்திர நாட்களில் மரநிழலிலோ கிழக்குத் திண்ணையிலோ வைத்து, காலையில் அளவாக நீர் ஊற்றினால் போதும். ஆனி, ஆடியில் வேருள்ள கன்றுகளைப் பிரித்து, எருக் கலந்த புதுமண்ணில் நட வேண்டும்; ஒரு மாதம் கழித்து நுனியைக் கிள்ளினால் கிளை பெருகும். நாற்றுப்பண்ணைகளில் செடியைக் குட்டையாக வைக்க மருந்து தெளிப்பதுண்டு. அதனால் அடுத்த ஆண்டு அது நெடிதாய் வளர்ந்தால் வியக்க வேண்டாம். ஐப்பசி மழையில் தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வைக்காவிட்டால் வேர் அழுகும்.

இவை எல்லாவற்றையும் அவள் பிழையின்றிச் செய்திருந்தாள். அதுவே எங்களுக்கு வியப்பு.

கை கழுவுவதற்காக வீட்டின் பின்புறம் சென்றபோது, தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் இடையே ஓர் உடைந்த பிளாஸ்டிக் வாளி தென்பட்டது. பிரித்த கன்றுகளில் எஞ்சிய ஒன்றை அதில் செருகியிருந்தாளாம். யாரும் பேணாத அந்தச் செடி மெலிந்து கிடந்தது. ஆனால் அதன் உச்சியில் ஏழெட்டு மஞ்சள் மொட்டுகள்!

எங்களில் ஒருவர் பள்ளியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவருக்கு உடனே பொறி தட்டியது. அமெரிக்க வேளாண்துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு எனும் இருவர் 1920-இல் வெளியிட்ட ஆய்வு, சில செடிகள் பகலின் நீளத்தை அறிந்தே பூக்கின்றன என்று காட்டியது. பின்வந்தோர், உண்மையில் செடி அளப்பது இரவின் நீளத்தையே என்று கண்டனர். சாமந்தி அந்த இனம். அதன் இலைகள் தொடர்ந்த நீண்ட இருளை உணர்ந்தால்தான் நுனி மொட்டாக மாறும். நள்ளிரவில் சிறிது நேரம் விளக்கு எரிந்தாலும், ஓர் இரவு இரண்டு குறும் இரவுகளாக அதற்குத் தோன்றும். ஜப்பானின் ஆட்சுமி தீபகற்பத்தில் உழவர்கள் இதையே தொழிலாக்கி, இரவில் விளக்கேற்றிப் பூப்பதைத் தள்ளிவைத்து, வேண்டிய மாதத்தில் மலரச் செய்கிறார்கள். நம் பகுதியிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே வேற்றுமை. அந்தச் சிறு மாற்றத்தையும் வாயில் விளக்கு விழுங்கிவிடுகிறது.

மாலை ஆனதும் பார்த்தோம். முந்திய மே மாதம் நட்டார்களாம் அந்தக் கம்பத்தை. அதன் வெள்ளொளி நான்கு தொட்டிகள்மேலும் நேராக விழுந்தது. அதனடியில் செய்தித்தாள் படிக்கலாம்.

"அப்படியானால் விளக்கை அணைக்கச் சொல்லலாமா, சித்தப்பா?" என்று அவளுடைய பத்து வயது மகன் கேட்டான். தாயைப் போலவே அவனும் எங்களைச் சித்தப்பா என்றுதான் அழைப்பான். நாங்கள் பதில் சொல்வதற்குள் அவளே, "வேண்டாம்டா. நள்ளிரவு ஷிப்டு முடிந்து வரும் பெண்கள் இந்த வெளிச்சத்தில்தான் நடந்து வருகிறார்கள்" என்றாள். அவள் சொன்னதே சரி. ஒரு பூவுக்காக ஒரு தெருவை இருட்டாக்கும் உரிமை எவருக்கும் இல்லை. தொட்டிக்குக் கால் இல்லை, நமக்கு இருக்கிறது.

அவ்வாண்டு வாளிச் செடியின் மொட்டுகள் விரியக் காலம் போதவில்லை. கல்லறைத் திருநாளுக்குக் கடையில் வாங்கிய பூவே ஊருக்குச் சென்றது. (பிரான்சில் அந்நாட்களில் கல்லறைதோறும் சாமந்தித் தொட்டிகளையே வைப்பார்கள். அவர்களுக்கு அது வீட்டில் வைக்க விரும்பாத பூ. நமக்கோ மணவறைக்கும் உரியது.)

2024-இல் முறையை மாற்றினார்கள். மொட்டு உருவாகி மலர எட்டு முதல் பத்து வாரங்கள் வேண்டும் என்று கணக்கிட்டு, ஆகஸ்டு இறுதியிலிருந்தே தொடங்கினார்கள். மாலை ஆறு மணிக்குத் தொட்டிகளைத் தண்ணீர்த் தொட்டியின் பின்னே கொண்டு வைப்பது மகன் வேலை. காலை ஏழு மணிக்கு வெயிலுக்குக் கொணர்வது, இரவு ஷிப்டு முடிந்து வரும் வாரங்களில் தந்தை வேலை, மற்ற வாரங்களில் தாய் வேலை. கறுப்புத் துணியால் மூடலாம் என்று நாங்கள் முதலில் யோசனை சொன்னோம். அது பிழை. துணிக்குள் வெப்பம் தேங்கி இரண்டு செடிகளின் இலை கருகிற்று. மிகு வெப்பமும் மொட்டைத் தாமதமாக்கும். துணியை எடுத்துவிடச் சொல்லித் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டோம்.

நான்கில் இரண்டு தொட்டிகள் பூத்தன. தீபாவளி அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று வந்ததால் ஊர் செல்லும் பேருந்துகளில் நிற்கவும் இடமில்லை. திண்டுக்கல் வரை ஒரு தொட்டியை மகன் மடியில் வைத்துக்கொண்டே சென்றானாம். மற்றொன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.