தோண்டக்கூடாத இடத்துக்கு ஒரு கோடு

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமனார் வீட்டில் ஓர் அறை கூட்டிக் கட்டியபோதுதான் 'வானம் தோண்டுவது' என்ற சொல்லை முதலில் கேட்டேன். புதுச்சேரியில் நாங்கள் கடைக்கால் என்போம். அஸ்திவாரக் குழிக்குப் போய் வானம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று வியந்தேன். கொத்தனார் நாலு மூலையிலும் முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார். அதன் பிறகுதான் கடப்பாரையைத் தொட்டார்கள்.

முளைக்குச்சிக்குப் பிரெஞ்சில் 'பிக்கே'. முளை அடிப்பது 'பிக்கெத்தாஜ்'. பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, பிறகு சாலையை வெட்ட அனுமதி கேட்கும் கோப்புகளோடு பல வருடம் குப்பை கொட்டியவன் நான். அதனால் இந்தச் சொல் மனதில் ஒட்டிக்கொண்டது. ஆனால் இன்று பிரான்சில் தெருவைத் தோண்டுமுன் செய்கிற பிக்கெத்தாஜ் நம் கொத்தனார் செய்வதற்கு நேர் எதிர். நாம் எங்கே தோண்ட வேண்டும் என்று கோடு போடுகிறோம். அவர்கள் மண்ணுக்கடியில் ஏற்கெனவே என்ன போகிறது, எங்கே கை வைக்கக்கூடாது என்று கோடு போடுகிறார்கள். இந்த இரண்டாவது கோட்டுக்கு நம்மிடம் புழக்கத்தில் ஒரு பெயர்கூட இல்லை.

தோண்டுவதைப் பற்றி ராஜபாளையத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதாளச் சாக்கடை, தாமிரபரணி கூட்டுக் குடிநீர் என்று நாம் பார்க்காத பள்ளமா! ஆறாவது மைல் நீர்த்தேக்கத் தண்ணீருக்காக அந்தக் காலத்தில் போட்ட குழாய், பிற்பாடு போட்ட பிளாஸ்டிக் குழாய், டெலிபோன் கேபிள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். யாருடைய குத்தகை என்பது இங்கே வேண்டாம். பொக்லைன் வந்த முதல் நாளே குடிநீர்க் குழாய் உடைந்தது. ஒட்டுப் போட்டுத் தண்ணீர் விட்டார்கள், நாற்றம் அடித்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை வயிற்றுப்போக்கோடு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. அடுத்த வாரம் அதே இயந்திரம் இன்னும் கொஞ்சம் தள்ளித் தோண்டியது. டீக்கடையில் உட்கார்ந்திருந்த வயதான பிட்டர் ஒருவர் திடீரென்று எழுந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடினார். ஓட்டியவன் வடக்கத்திப் பையன், தமிழ் தெரியாது. கையைப் பார்த்து நிறுத்திவிட்டான்.

"செங்கல் தெரியுது பாருங்க சார்" என்றார் அவர். பள்ளத்தில் மணல், அதன்மேல் வரிசையாகச் செங்கல். "எவனும் சும்மா மண்ணுக்குள்ள செங்கல் அடுக்க மாட்டான். கீழ கரண்டு போகுது."

கேபிளைச் சுற்றி மணல் போட்டு, மேலே செங்கல் பரப்பி மூடுவது பழைய வழக்கம். கடப்பாரை முதலில் செங்கல்லில் இடிக்கும், ஆள் சுதாரித்துக்கொள்வான். அதுவும் ஒரு குறிதான். ஆனால் தோண்டிய பிறகு தெரிகிற குறி.

(பொக்லைன் என்பதே ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர்தான். இயந்திரத்தின் பெயர் நம்மூர் வரை வந்துவிட்டது. அதற்கு முன் அடிக்க வேண்டிய முளை வரவில்லை.)

வெளிநாட்டிலும் இது சும்மா வந்துவிடவில்லை. பெல்ஜியத்தில் கிஸ்லாங்கியேன் என்ற ஊரில், கட்டுமான இயந்திரம் பட்டுச் சேதமான எரிவாயுக் குழாய் 2004 ஜூலை 30 அன்று வெடித்து 24 பேர் இறந்தார்கள். பிரான்சில் லியோன் நகரத்தில் 2008 பிப்ரவரியில் தெரு வேலையின்போது எரிவாயுக் குழாய் உடைந்து வெடித்ததில் ஒரு தீயணைப்பு வீரர் போனார். 2012-இல் அங்கே விதிகளை இறுக்கினார்கள். தோண்டுகிறவர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், குழாய்க்குச் சொந்தக்காரர் வரைபடம் தர வேண்டும், பிறகு தரையில் நிறத்தால் குறி. சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, நீலம் குடிநீர், பச்சை டெலிபோன், பழுப்பு சாக்கடை. அமெரிக்காவில் 811 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் ஆள் வந்து குறி போடுவார். ஆனால் அங்கே பச்சை என்றால் சாக்கடை!

நம் நாட்டிலும் 2023 மார்ச் 22 அன்று 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைப் பிரதமர் தொடங்கிவைத்தார். தோண்டப்போகும் இடத்தைப் பதிந்தால், அங்கே குழாயோ கேபிளோ வைத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும். கண்டபடி தோண்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று அரசே சொன்னது. நல்ல ஏற்பாடு. ஆனால் செய்தி கிடைத்தவரிடம் வரைபடம் இருக்க வேண்டுமே! கருவி வைத்துத் தேடலாம் என்றால், இரும்புக் குழாயும் கேபிளும்தான் அதற்குச் சுலபமாக அகப்படும். பிளாஸ்டிக் குழாய் அகப்படாது, கூடவே ஒரு கம்பி புதைத்திருந்தால் தவிர. ரேடார் கருவியும் ஈரமான களிமண்ணில் தடுமாறும்.

எங்கள் தெருவின் வரைபடம் அந்தப் பிட்டரின் தலைக்குள் இருந்தது. அவருக்கு எழுபத்தாறு வயது. "அண்ணாச்சி, ஒருநாள் என்கூட நடந்து வாங்க" என்று கூப்பிட்டேன். காலை ஆறு மணிக்கு வந்துவிட்டார். "இந்த வேப்பமரத்துல இருந்து மூணு அடி. இங்க பழைய லைன், செத்துப்போச்சு. இங்க வளையுது, ஜாக்கிரதை." கோலப்பொடி டப்பாவிலிருந்து கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டே நடந்தார். அதற்கு அவர் சொன்ன பெயர் 'லைன் குறி'. அகராதியில் இல்லாவிட்டால் என்ன, எனக்குப் போதும். நான் பின்னாலேயே டேப் பிடித்து அளந்து, வீட்டுக்கு வந்து வரைந்தேன். நிறம் மட்டும் பிரெஞ்சுக்காரன் முறை. ஐந்து பிரதி எடுத்து, ஒன்றை வார்டு அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கினேன். குமாஸ்தா புத்தி போகுமா?

போன வாரம் இன்டர்நெட் கேபிள் போட வந்த பையனிடம் ஒரு பிரதியை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சார், இதுல பச்சை என்னது?" என்றான்.