ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்கள் மட்டுமாவது முழுவதும் படியுங்கள்.

சென்ற வாரம் நம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. 2006 மாடல் மாருதி 800 வைத்திருக்கிறார். வாரம் இரண்டு நாள் அம்மாவை டயாலிசிஸுக்குச் சென்னைக்கு அழைத்துப் போவது அந்த வண்டியில்தான். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

"சார், கவரைப்பேட்டை தாண்டினதும் டெம்பரேச்சர் முள்ளு ஏற ஆரம்பிக்குது. நல்லூர் டோல் பக்கத்துல நிறுத்தி தண்ணி ஊத்திட்டுத்தான் போறேன். இன்ஜினைப் பிரிக்கணும்னு சொல்றாங்க."

"நிறுத்தினதும் மூடியை எப்படிப்பா திறப்ப?"

"துணியைச் சுத்தித் திருகுவேன் சார்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனை பேர் இப்படித் திறக்கிறீர்களோ தெரியவில்லை, ஆகவே இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டர் என்பது வீட்டு பிரஷர் குக்கர் மாதிரி. மூடியின் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ எண் போட்டிருக்கும். அது அந்த மூடி தாங்கிப் பிடிக்கும் அழுத்தம். 0.9 அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, ஏறக்குறைய 118 டிகிரி வரை தாங்கும். உள்ளே 110 டிகிரியில் அமைதியாக இருக்கிற தண்ணீர், மூடி திறந்து அழுத்தம் போன அந்த நொடியே ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். துணி கையைக் காப்பாற்றலாம், கண்ணைக் காப்பாற்றாது. விசில் அடங்காத குக்கரை யாராவது திறப்போமா? வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டுக் குறைந்தது முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். மேல் ஹோஸைத் தொட்டால் சூடே தெரியக் கூடாது. அவசரத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இன்னொரு கேடும் உண்டு. மாருதியின் சிலிண்டர் ஹெட் அலுமினியம். திடீர்க் குளிர்ச்சியில் அது வளைந்துவிட்டால் கேஸ்கெட் போகும். அப்போது நிஜமாகவே இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வண்டியை நம் வீட்டு வாசலுக்குக் கொண்டு வரச் சொன்னேன். இரவு முழுக்க நின்ற வண்டி, சில்லென்று இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே செங்கல் கரைத்த தண்ணீர். மூடியின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு. "தினமும் என்ன தண்ணி ஊத்துற?" என்றேன். "வீட்டு போர் தண்ணிதான் சார், தினம் அரை லிட்டர்."

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்களுக்குக் கடின நீர் பாடம் நினைவிருக்கும் என்று நம்புகிறேன். கால்சியம் பைகார்பனேட் கரைந்த தண்ணீரைச் சூடாக்கினால் கால்சியம் கார்பனேட்டாகப் படியும். நம் ஊர் வெந்நீர்ப் பாத்திரங்களின் அடியில் இருக்கும் வெள்ளைப் பொருக்கு அதுதான். ரேடியேட்டருக்குள்ளும் அதே பாடம்தான் நடக்கிறது.

ஒரு கணக்கு. குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. அந்த 600ஐயே எடுத்துக்கொள்வோம். தினம் அரை லிட்டர் என்றால் வருடத்துக்கு 180 லிட்டருக்கு மேல். அதில் வந்து சேரும் உப்பு 100 கிராமைத் தாண்டுகிறது. எல்லாம் படியாது, கசிவோடு கொஞ்சம் வெளியே போகும். பாதி படிந்தாலும் போதும். ரேடியேட்டரின் குழாய்கள் பனை ஓலை ஈர்க்கு மாதிரி மெல்லியவை, நான்கைந்து லிட்டர்கூடப் பிடிக்காத அமைப்பு. இன்ஜின் சுவரில் படியும் பொருக்கோ சூட்டை வெளியே விடாது. நம் பக்கம் உப்பும் சேர்ந்துகொள்கிறது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் உள்ளே புகுந்த கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். குளோரைடு உள்ள தண்ணீருக்கு அலுமினியத்தை அரிப்பது மிகவும் பிடிக்கும்.

ஆக, வண்டியின் நோய் இரண்டு. ஒன்று கசிவு, இன்னொன்று அந்தக் கசிவை ஈடுகட்ட ஊற்றிய தண்ணீர். கசிவை விட்டுவிட்டு ஃப்ளஷ் மட்டும் செய்தால் ஆறு மாதத்தில் மறுபடி இதே கதைதான். கீழ் ஹோஸ் கிளிப் அருகே பச்சையும் வெள்ளையுமாகக் காய்ந்த தடம் இருந்தது. புது ஹோஸும் கிளிப்பும் போட்டோம். அதற்கான செலவு ஒரு நாள் பெட்ரோல் காசுகூட இல்லை.

பிறகு வேலை. அடியில் பழைய டப் ஒன்றை வைத்துக் கீழ்த் திருகைத் திறந்தோம். பழைய வண்டிகளில் அந்த பிளாஸ்டிக் திருகு மொறுமொறுப்பாகியிருக்கும். வரவில்லை என்றால் முரண்டு பிடிக்காமல் கீழ் ஹோஸையே கழற்றிவிடுங்கள். வெளியே வரும் தண்ணீரை நன்றாகப் பாருங்கள். செந்நிறம் என்றால் துரு. பால் விட்ட காபி மாதிரி கொழகொழவென்று எண்ணெயும் கலந்து வந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். இவர் வண்டியில் நல்லவேளையாக வெறும் துருதான்.

இரண்டு ஹோஸையும் கழற்றி, தோட்டத்துக் குழாயைக் கீழ் வாயில் வைத்து மெதுவாகத் தண்ணீர் விட்டோம். வழக்கமாக மேலிருந்து கீழே போகிற பாதையில் தலைகீழாக விட்டால்தான் அடைசல் கிளம்பும். வேகமாகத் திறக்கக் கூடாது, பழைய தையல் விட்டுவிடும். வந்த சேற்றைப் பார்த்து அந்தப் பிள்ளை வாயைப் பிளந்தார்.

ஹோஸை மாட்டி, தண்ணீர் நிரப்பி, ஹீட்டர் லீவரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓட விட்டோம். (கும்மிடிப்பூண்டியில் ஹீட்டரா என்று சிரிக்காதீர்கள். லீவரைத் திறக்காவிட்டால் ஹீட்டருக்குள் நிற்கும் பழைய தண்ணீர் அங்கேயே தங்கிவிடும்.) ஃபேன் ஓடி நின்றதும் அணைத்து, முழுக்க ஆறவிட்டு, வடித்தோம். இப்படி மூன்று முறை. ஒவ்வொரு முறையும் ஆறுவதற்கே இரண்டு மணி நேரம், அதனால் இது ஒரு பகல் வேலை. கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர் போதும். கடைசிக் கழுவலும் உள்ளே தங்கப் போவதும் டிஸ்டில்டு வாட்டராக இருக்க வேண்டும். பேட்டரிக்கு ஊற்றுவோமே, அதுதான். சலவை சோடா போட்டுக் கழுவலாமா என்று ஒரு உறவினர் கேட்டார். பழைய அம்பாசிடருக்குச் சரி, அதன் இன்ஜின் முழுக்க வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். அலுமினியத்தைச் சோடா தின்றுவிடும்.

தெர்மோஸ்டாட் பற்றி எனக்கு ஒரு கோபம் உண்டு. "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு" என்று கழற்றி எறிந்துவிடுகிற பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. இவர் வண்டியிலும் அது இல்லை! உள்ளே மெழுகு வைத்த சின்ன வால்வு அது. 80 டிகிரியை ஒட்டி மெழுகு உருகி விரிந்து வழி திறக்கும். அது இல்லாவிட்டால் இன்ஜின் சீக்கிரம் சூடேறாது. கம்ப்யூட்டர் வைத்த வண்டி இன்னும் குளிர்ச்சி என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டி ஊற்றிக்கொண்டே இருக்கும். புதிதாக ஒன்று வாங்கி, பழைய அலுமினியப் பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தோம். வால்வு மெல்லத் திறந்தது. அறுபது வயதைத் தாண்டியும் இந்த மாதிரிச் சோதனை சலிக்கவில்லை.

கூலன்ட் வாங்கும்போது அப்படியே ஊற்றுவதா, கலந்து ஊற்றுவதா என்று பாட்டிலில் பாருங்கள். நம் ஊரில் பனி உறையாது, ஆனால் துருவைத் தடுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. மெதுவாக ஊற்றி, மூடியில்லாமல் சிறிது நேரம் ஓடவிட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினோம். குமிழ் நின்றதும் மூடி, ரிசர்வ் டப்பாவில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிரப்பினோம். அடுத்த இரண்டு நாளும் காலையில் பார்த்து, கொஞ்சம் இறங்கியிருந்ததைச் சரிசெய்தார். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தபோது முள் பாதிக்குக் கீழேயே நின்றதாம்.

இனிச் சொல்லப் போவதுதான் எனக்குக் கவலை. பெரும்பாலான கூலன்ட்களில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது. அது இனிக்கும். கலர் தண்ணீர் மாதிரி இருக்கும். தெருநாய், ஆடு, கோழி, தவழும் குழந்தை எதுவானாலும் நக்கிவிடும். உடம்புக்குள் போனால் ஆக்சலேட்டாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகிவிடும். கொஞ்சமே போதும், உயிர் போகும். அதனால் வேலை நடக்கும்போது டப்பை விட்டு நகராதீர்கள். மீதியைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வடித்ததைச் சாக்கடையிலோ ஏரிக்கரையிலோ கொட்டக் கூடாது. தொழிற்சாலைகளின் அபாயக் கழிவைக் கையாளும் நிலையம் நம் சிப்காட்டிலேயே இருக்கிறது. ஆனால் அது கம்பெனிகளுக்கானது, நம்முடைய நான்கு லிட்டருக்கு அங்கே யார் கதவைத் திறப்பார்கள்? முதலில் வடித்ததை மூடியுள்ள கேனில் ஊற்றி, 'விஷம்' என்று சிவப்பில் எழுதி, மாடிப்படிக்கு அடியில் பூட்டி வைத்திருக்கிறேன். பெரிய சர்வீஸ் சென்டர் எதிலாவது வேலை செய்யும் மாணவர்கள் இதைப் படித்தால், உங்கள் இடத்தில் பழைய கூலன்டை வாங்கிக்கொள்வார்களா என்று விசாரித்துச் சொல்லுங்கள். நானே கொண்டு வந்து தருகிறேன்.