யார் செய்தது என்று எல்லோருக்கும் தெரிந்த கதை

'குருதிப்புனல்' நாவலை எனக்குக் கொடுத்தவன் பொறியியல் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன். மூன்றாம் ஆண்டு, தஞ்சாவூர். "கதையை விடு, அந்த ரெண்டு ஃபிரெண்டுங்க எப்படி இருக்கானுங்கன்னு படிச்சிட்டுச் சொல்லு" என்றான். அவனுக்குத் திருவாரூர் தாண்டி, தேவூர்ப் பக்கம். எனக்கு வெண்ணாற்றுக் கரை. ரெண்டு பேரும் டெல்டாதான். ஆனால் ஒரே டெல்டா இல்லை. என் தாத்தா நிலக்காரர், அவன் தாத்தா பண்ணையாள்.

இந்திரா பார்த்தசாரதியின் அந்த நாவல் 1975இல் வந்தது, 1977இல் சாகித்திய அகாதமி விருது வாங்கியது. அதன் பின்னால் இருப்பது கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையில், ராமையா என்பவரின் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்தவர்களைச் சேர்த்து வைத்துக் கொளுத்தினார்கள். 44 பேர் செத்துப்போனார்கள். எல்லோரும் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். தொழிலாளர்கள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. கூடவே, செங்கொடியை இறக்க மறுத்தார்கள்.

நாவலில் கோபாலும் சிவாவும் டெல்லியிலிருந்து வந்தவர்கள். படித்தவர்கள், வாதம் செய்பவர்கள். ஊர் அவர்களுக்கு ஒரு கேள்வி. நிலக்காரர் கண்ணையா நாயுடுவின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறைவைக் காரணமாக வைக்கிறது நாவல். இடதுசாரிகள் அப்போதே இதைக் கடுமையாகத் திட்டினார்கள். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. த்ரில்லர் எழுதும் எல்லோருக்கும் வரும் ஆசை அது. கொலைக்குப் பின்னால் ஒரு ரகசியம் வேண்டும், கதவைத் திறந்தால் உள்ளே ஏதோ இருக்க வேண்டும். வெண்மணியில் கதவே இல்லை. காரணம் களத்துமேட்டில், மரக்காலும் படியுமாக, பட்டப்பகலில் கிடந்தது.

மூணு வருஷத்துக்கு முன்னால், ரெண்டு பேரும் ஓ.எம்.ஆரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு வெப் சீரிஸுக்குக் கதை எழுத உட்கார்ந்தோம். பெரிய தீவைப்புக்குப் பிறகு, வாய்க்காலின் இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன். சின்ன வயசிலிருந்து பழக்கம். இனி எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்பதுதான் கதை. கதை கேட்டவர் நல்ல மனுஷர்தான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் ஓகே. கொலைகாரன் யாருன்னு எந்த எபிசோட்ல ரிவீல் பண்றீங்க?" என்றார்.

நண்பன் சொன்னான்: "சார், அது மொத ராத்திரியே எல்லாருக்கும் தெரியும்."

சஸ்பென்ஸ் இருந்தது என்றால் அது நீதிமன்றத்தில்தான். நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்கு நாகப்பட்டினம் நீதிமன்றம் பத்தாண்டு தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. கார் வைத்திருக்கும் பணக்கார மிராசுதார்கள் நடந்துபோய்த் தங்கள் கையாலேயே தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்றது தீர்ப்பு. அன்று மாலை நிலக்காரர்கள் தரப்பில் ஒருவர் கொல்லப்பட்டிருந்தார், அந்த வழக்கில் மட்டும் தொழிலாளர்களுக்குத் தண்டனை கிடைத்தது. எந்தத் திரைக்கதை ஆசிரியரும் இப்படி ஒரு ட்விஸ்ட் வைக்கத் துணிய மாட்டார். 1980 டிசம்பரில் நாயுடு கொல்லப்பட்டார். சினிமாவென்றால் அங்கே முடித்துவிடலாம்.

பூமணியின் 'வெக்கை' (1982) வேறு நிலம், கரிசல். அது கொலையில் முடியவில்லை, கொலையில் தொடங்குகிறது. மிச்சமெல்லாம் அப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து திரிவது, சமைப்பது, பேசுவது. அதைப் படமாக்கிய 'அசுரன்' (2019) குடிசை எரியும் ஒரு பழங்கதையை உள்ளே வைத்தபோது, தியேட்டரில் என் பக்கத்தில் இருந்த நண்பன் பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டான். அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

'அதற்குப் பிறகு' என்பதைக் கேட்க வேண்டுமென்றால் பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்துக்குப் போக வேண்டும். பிழைத்தவர்கள் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். எனக்கு அவர்கள் சொல்வதைவிட, சொல்லிவிட்டு நிறுத்தும் இடங்கள் கனமாக இருந்தன. அவர்கள் சாட்சி சொன்னார்கள், தீர்ப்பைக் கேட்டார்கள், அப்புறம் அதே ஊரில் வாழ்ந்தார்கள். அடுத்த சம்பாவுக்கு நாற்று விட வேண்டியிருந்தது. கூலிக்கு எந்த வயலுக்குப் போவது? வரப்பில் எதிரே வருகிறவரைப் பார்த்தால் ஒதுங்குவதா, நிற்பதா?

நண்பனின் அப்பாயி பக்கத்து ஊர். அந்த இரவு வானம் சிவந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தவர். ஒரே ஒரு தடவை கேட்டேன். "வெளிச்சம் தெரிஞ்சிச்சுப்பா. நெல்லு அவிக்கிறாங்கன்னு நெனச்சேன்" என்றார். பிறகு சோறு போட்டார். என் ஊர், என் தாத்தா பெயர் எல்லாம் அவருக்குத் தெரியும். மோர் ஊற்றும்போது, "ஒங்க பக்கம் தண்ணி வந்துருச்சா?" என்று கேட்டார்.

போன வருஷம் எங்கள் பழைய வீட்டை இடிக்கும்போது டிரங்குப் பெட்டியில் ஒரு ரசீது கிடைத்தது. தாத்தா மிராசுதார்கள் சங்கம் ஒன்றுக்குக் கட்டிய சந்தா. தேதி மழையில் அழிந்திருந்தது. வெண்மணிக்கு முன்னாலா பின்னாலா, சொல்ல முடியாது. தாத்தா நல்லவர், யாரையும் அதட்டிக்கூடப் பார்த்ததில்லை என்றாள் அம்மா. எனக்கும் அப்படித்தான் நினைவு. ரசீதைப் படம் எடுத்து நண்பனுக்கு அனுப்பினேன்.

ரெண்டு நாள் பதில் இல்லை. நீல டிக் மட்டும். மூன்றாம் நாள் ராத்திரி கூப்பிட்டான்.

"கதையில போடுவோம். ஆனா வில்லன் வீட்ல வைக்காத. ஹீரோ வீட்ல வை."

"அவன் ஃபிரெண்டு இதைப் பார்ப்பானா?"

"பார்க்கணும்டா. அவன் பார்த்துட்டான்னு இவனுக்கும் தெரியணும்."

ஸ்கிரிப்ட் அந்தக் காட்சியில் நிற்கிறது. டிசம்பர் 26 காலை, மதகுப் பக்கம், ரெண்டு பேரும் எதிரெதிரே. கதிர் முற்றிய வயல், இன்னும் அறுக்கவில்லை. யார் முதலில் பேசுவது என்பதில் சண்டை. நிலக்காரப் பையன் பேச வேண்டும் என்கிறேன் நான். "அவன் பேசுனா இவன் பதில் சொல்லியாவணும்ல" என்கிறான் அவன்.